தார் டிரம்மில் ஒரு தரை

"ஓடாது தாயி. இது ஓடுச்சுன்னா அதுக்கு முன்னாடி நான் ஓடுறேன்."

காரைக்குடியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர் என்னிடம் சொன்னது இது. அவரை வரவழைத்திருந்தது ஆச்சி. அப்பா இருபது வருடம் கார் ஓட்டிய பெரிய வீட்டின் ஆச்சி. அந்தக் குடும்பம் சென்னைக்குப் போய் ஐந்து வருடமாகியிருந்தது. கோயில் திருவிழாவுக்கு வந்த இடத்தில், கார் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். உள்ளே நின்றது அப்பா ஓட்டிய அம்பாசிடர். நான்கு டயர்களும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தன. கூரை முழுவதும் புறா எச்சம். கடைக்காரர் ஒரு சுற்று சுற்றி வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, இரும்பு விலை சொன்னார். அப்பா தோள் துண்டால் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அதே விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அப்போதுதான் கடைக்காரர் அப்படிச் சொன்னார்.

"யாரு எடுத்தா என்ன, ஷெட்டு காலியானாச் சரி" என்றார் ஆச்சி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்து, காரைக்குடியில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுதிப் படித்துப் பார்த்தால் முடிக்க முடியாத காரியம் கிடையாது என்று அப்போது நினைத்திருந்தேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். கார் வேலை போன பிறகு, புதுவயலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். ஐம்பது வயதுக்கு மேல் தொடங்கிய வேலை அது. வலது கை தோளுக்கு மேலே எழும்பாமல் போய், சட்டையை அம்மா மாட்டிவிட வேண்டியிருந்தது. கார் ஓடினால் வாடகைக்கு ஓட்டலாம், மூட்டையை விட்டுவிடலாம். என் கணக்கு அவ்வளவுதான்.

ஆலை லாரி ஒன்றில் கயிறு கட்டிக் காரைப் புதுவயலுக்கு இழுத்து வந்தோம். ஸ்டீயரிங்கில் அப்பா உட்கார்ந்திருந்தார். "மீட்டரு ரெண்டு தடவ சுத்தி முடிச்சிருச்சு. இது மூணாவது சுத்து" என்று வழியில் இரண்டு முறை சொன்னார். பெருமையாகச் சொன்னாரா, எச்சரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆலை லாரிகளைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டார். இறுகிப் போயிருந்த இஞ்சினுக்குள் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறட்டும் என்று போய்விட்டார். அடுத்த வாரம் ஹேண்டில் போட்டுச் சுற்றியபோது முனகிக்கொண்டே அசைந்தது. அதன் பிறகு மேல்பாகத்தைக் கழற்றினார். ஒரு ஞாயிற்றுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கும் நடுவில் ஆறு நாள் இருந்ததால், எது எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோகும் என்று பயந்தேன். ஒரு சேலைப் பெட்டி அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, வால்வைத் தள்ளும் எட்டுக் கம்பிகளையும் வரிசையாகக் குத்தி வைத்தேன்.

"என்னத்தா, அதுகளுக்கும் பரீட்சை நம்பரா?" என்றார் மெக்கானிக்.

"ஆமாண்ணே. நீங்க ஃபெயிலாக்கிறக் கூடாதுல்ல."

மூன்று வாரம் கழித்து, திருப்பிப் பூட்டும்போது அவர்தான் கையை நீட்டிக்கொண்டு, "அஞ்சாம் நம்பரு எங்க? அத எடு" என்று கேட்டார். நான் சிரித்ததைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி இருந்துகொண்டார்.

பெட்ரோல் டாங்க்தான் பெரிய தொல்லையாக இருந்தது. உள்ளே துரு செதில் செதிலாகக் கிடந்தது. புது டாங்க் வாங்க வழியில்லை. ஜல்லிக் கல்லைப் போட்டுக் குலுக்கினால் துரு உதிரும் என்றார் மெக்கானிக். நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். அப்பாவின் தோள் பத்து நிமிடம் கூடத் தாங்கவில்லை.

அதே ஆலையில் சல்லடையடியில் நின்று வேலை பார்த்த அம்மா, கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் எதுக்கு இந்தக் கூத்தாடுறீக? எங்க சல்லடை நாள் முழுக்க ஆடிக்கிட்டுத்தானே கெடக்கு. அதுல கட்டிவிட்டா அது குலுக்காதா?"

பெட்ரோல் வாடை அடங்கும்வரை டாங்க்கைத் தண்ணீர் விட்டு அலசினோம். சனிக்கிழமை கடைசி மூட்டை இறங்கிய பிறகு, மேஸ்திரியிடம் கேட்டு, நெல் சலிக்கும் பெரிய சல்லடையின் மேல் அதைக் கட்டினோம். அது முன்னும் பின்னும் ஆட ஆட, உள்ளே கற்கள் போட்ட இரைச்சலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அரை மணி நேரம் கழித்துக் கவிழ்த்தபோது, கற்களோடு விட்டிருந்த தண்ணீர் செங்காவியாகக் கொட்டியது. "பி.காமு படிச்சா இதெல்லாம் தோணாது போல" என்றார் அம்மா. எனக்குக் கொஞ்சம் சுட்டது. ஆனாலும் அது உண்மை.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால், பதிவைப் புதுப்பிக்கச் சிவகங்கை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆய்வுக்குக் காட்ட வேண்டும். விண்ணப்பங்களை நானே நிரப்பினேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு காலையில் இஞ்சின் பிடித்தது. கறுப்பாகப் புகை கக்கி, இருமி, பிறகு சீராக ஓடியது. அப்பா முன்னால் உட்கார்ந்தார். நான் பின்கதவைத் திறந்து ஏறினேன். என் வலது கால் கெண்டைக்கால் வரை கீழே இறங்கி மண்ணைத் தொட்டது.

விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். தரைத் தகடு அப்பளமாகப் பொரிந்து போயிருந்தது. அப்பா இஞ்சினை நிறுத்திவிட்டு வந்து, ஓட்டையின் ஓரத்தை விரலால் கிள்ளிப் பார்த்தார்.

கார் ஷெட்டில் கிடந்த ஐந்து வருடமும், ஆயுத பூஜையன்று காவல்காரரிடம் சாவி வாங்கி, வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து, உள்ளும் புறமும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வருவது அப்பாவின் வழக்கம். அந்தத் தண்ணீரெல்லாம் விரிப்புக்கு அடியில் தங்கியிருக்கிறது.

"நாந்தான் ஆத்தா கெடுத்திருக்கேன்" என்றார். "குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே கெடுத்திருக்கேன். விட்ரு. எடைக்கே போட்ருவோம்."

மறுநாள் காலை மூட்டை தூக்கப் போய்விட்டார். சட்டையை மாட்டிவிடும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

காரைக்குடிக்குப் பேருந்து ஏறினேன். நேராகப் போனது பழைய இரும்புக் கடைக்கு. ரோடு போடுகிறவர்கள் போட்டுவிட்டுப் போன தார் டிரம்கள் அங்கே அடுக்கிக் கிடந்ததை முன்பே பார்த்திருந்தேன்.

"என்ன தாயி, திருப்பிக் கொண்டாந்துட்டீகளா?"

"இல்லண்ணே. இஞ்சின் ஓடுது. தரைதான் இல்ல. நீங்க முன்னாடி ஓட வேண்டாம், ஒரு தார் டிரம்மு கொடுத்தாப் போதும்."

கடைக்காரர் கல்லாப் பெட்டியைப் பூட்டினார். பிறகு எழுந்து, நல்ல டிரம்மாக நான்கைந்தைத் தட்டிப் பார்த்து ஒன்றை உருட்டி வந்து, அவரே வெட்டித் தட்டையாக்கிக் கொடுத்தார். "டீசல்ல தொடச்சா தாரு போயிரும்" என்று சொல்லி அனுப்பினார்.

வெல்டிங் பட்டறைக்காரர் புதன்கிழமை வந்தார். வேலை முடிந்து வந்த அப்பா, தகட்டைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். சட்டையைக் கழற்றாமலே காருக்கு அடியில் படுத்து, இடது கையால் தகட்டைத் தாங்கிப் பிடித்தார். "இங்குட்டு ஒரு நூல் தள்ளு" என்று வெல்டரிடம் அவர் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது.

சிவகங்கையில் பிரேக் இன்ஸ்பெக்டர் விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உள்ளே காலை வைத்து ஓங்கி மிதித்தார். டம் என்று சத்தம் கேட்டது.

"என்னய்யா இது?"

"தார் டிரம்மு சார்" என்றார் அப்பா. பொய் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு.

இன்ஸ்பெக்டர் குனிந்து வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார். "மத்ததெல்லாம் உதிர்ந்தாலும் இது நிக்கும் போல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது இரும்புக் கடை வாசலில் அப்பா நீளமாக ஹாரன் அடித்தார். கடைக்காரர் வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "முழங்கால் வலி தாயி. இல்லாட்டி ஓடியிருப்பேன்" என்றார்.

வாடகை அனுமதிக்கான தாள்களையும் நான்தான் நிரப்பினேன். அது கையில் கிடைத்த மாதத்தில் அப்பா ஆலைக்குப் போவதை நிறுத்தினார். இப்போது கல்யாணச் சவாரிகள் வருகின்றன. ஆயுத பூஜைக்கு ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. தோள் முழுதாகச் சரியாகவில்லை. தொலைவான சவாரி போய் வந்தால் இரண்டு நாள் வலிக்கிறது.

அதனால் போன மாதம் சிவகங்கைக்குப் போய், கார் ஓட்டப் பழகுவதற்கு என் பெயருக்கும் ஒரு படிவம் வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். பழகுநர் உரிமம் சென்ற வாரம் கைக்கு வந்தது. டிரம் தகட்டில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. அதில் வெள்ளையடித்து, சிவப்பில் எல் என்ற ஆங்கில எழுத்தை எழுதி, கம்பியால் முன்பக்கம் கட்டினேன். இன்று காலை, சவாரி இல்லாத நேரத்தில், அப்பாவைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு, சாக்கோட்டை வரைக்கும் இரண்டாவது கியரிலேயே ஓட்டிப் போய்விட்டு வந்தேன்.