ஓசிப் பரோட்டாவை மறுத்த கண்டக்டர்

விழுப்புரத்தில் நான் ஏறிய சென்னைப் பேருந்து, திண்டிவனத்தைத் தாண்டி ஒரு சாலையோர ஓட்டலில் நின்றது. இத்தகைய ஓட்டல்களில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம், சிகரெட்டும் உண்டு. டிரைவர் உள்ளே போனார். கண்டக்டர் போகவில்லை. ஐம்பது வயதிருக்கும், இளைத்த உடம்பில் காக்கிச் சட்டை தொளதொளத்தது. தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, பேருந்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.

ஓட்டல்காரர் பதறி ஓடிவந்தார். "இன்னாண்ணே, எங்க மேல கோவமா? வண்டிய வேற ஓட்டலுக்கு மாத்திடப் போறீங்களா?"

"பேஜாரு பண்ணாதப்பா. நெஞ்சுவலி வந்தவன் நான். ஆறு மாசமா சிகரெட்டு, பரோட்டா ரெண்டையும் உட்டுட்டேன். இன்னிக்கு டெஸ்ட் ரிசல்ட்டு வருது. உக்காந்தா பயமா இருக்குது, அதான் நடந்துக்கினு இருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் கைபேசியில் செய்தி வந்த ஒலி கேட்டது. பக்கத்தில் நின்றிருந்த என்னிடம் அதை அப்படியே நீட்டினார். "நீங்க பாத்து சொல்லுங்க சார்."

ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு இரண்டும் அளவுக்குள் வந்திருந்தன. மாத்திரையையும் நடையையும் விடவேண்டாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். படித்துச் சொன்னதும் பேருந்தின் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னிக்காவது ஒரு பரோட்டா?" என்றார் ஓட்டல்காரர்.

"உள்ள டிரைவர் இலையில இருக்கறத மொதல்ல எடுப்பா. அவருக்கும் தொப்பை ஏறிக்கினே போவுது."

பிறகு, புறப்படுவதற்கு விசில் ஊதினார். அவ்வளவு நீளமாக ஊதும் வேறொரு கண்டக்டரை அதற்குப் பின் நான் பார்த்ததில்லை.