நடைமேம்பாலத்தில் மல்லாட்டை

திண்டிவனம் புறவழிச்சாலையில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். தலைக்கு மேலே புத்தம்புது நடைமேம்பாலம். ‘விபத்தில்லா நகரம்’ என்று அதில் பெரிய பலகை வேறு. ஒருவரும் ஏறக் காணோம். சாலை நடுவிலுள்ள தடுப்புக் கம்பியை வளைத்து வழி பண்ணி, லாரிகளுக்கு இடையே ஓடி வருகிறார்கள். அப்படி வந்து மூச்சிரைக்க நிற்கும் ஒரு பெண்ணிடம் கேட்டே விடுகிறேன்.

“ஏம்மா, பாலத்துல ஏறி வந்தா என்ன?”

“மேல மல்லாட்டை காயுதுங்க. மிதிபட்டுப் பூடும்.”

“லாரி மோதினா?”

“அத்த ஏன் கேக்குறீங்க, பெரிய பேஜாரு. போன மாசம் இதே எடத்துலதான் எங்க வூட்டுக்காரருக்குக் கால் ஒடஞ்சுது.”

“இப்ப எங்க அவரு?”

அவள் மேலே கை காட்டுகிறாள். பரப்பிய வேர்க்கடலைக்கு நடுவே மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, ஊன்றுகோலால் காக்காய் விரட்டிக்கொண்டிருக்கிறார்.