பயந்தாங்கொள்ளி என்று எனக்குப் பேர் வைத்தவர்

கடையில் மிளகு சலித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செல்லமுத்தண்ணனின் மருமகன் பேசினான். "பாய், மாமன் போயிட்டாருங்க. சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஊட்டுக்குக் கொண்டாந்துட்டு இருக்கோம்." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். அவருக்கு இருந்த அதே நோய்தான் எனக்கும்.

இந்தப் பக்கத்துக்காரர்களான உங்களில் பலர் அவருடைய ஜீப்பில் ஏறியவர்கள். அதற்கு முன்னால் அவர் கொல்லிமலை மேலே பைல் நாட்டிலிருந்து மிளகு மூட்டையைத் தலையில் வைத்து, ஒற்றையடிப் பாதையில் இறங்கி அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் என் கடைக்கு வருவார். வீட்டில் அப்போது சாமைச் சோறு. பிறகு காடெல்லாம் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஆனது, ஜீப் வந்தது, மூன்று வேளையும் வெள்ளைச் சோறு வந்தது. நடை நின்றது, தொந்தி விழுந்தது. "வசதிங்க பாய்" என்று அதைத் தட்டிக் காட்டுவார். நான் மட்டும் என்ன யோக்கியம்? டீயும் வறுக்கியுமாகக் கல்லாவை விட்டு எழுந்திருக்காதவன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டபோது, சும்மா பார்ப்போமே என்று இருவரும் போனோம். இருவருக்கும் சர்க்கரை என்றார் டாக்டர். சோற்றைக் குறை, கிழங்கைக் குறை, நட, மாத்திரையை விடாதே, காலைப் பார்த்துக்கொள் என்றார். எனக்கு அன்று ஒரு வாய் இறங்கவில்லை. அண்ணன் சிரித்தார். "நான் கொல்லிமலைக்காரன், நீங்க பயந்தாங்கொள்ளி. அவ்வளவுதான் பாய் வித்தியாசம்." அன்று முதல் அதுதான் என் பேர்.

அவர் டாக்டர் பேச்சைக் கேட்காதவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். சர்க்கரையை அடியோடு நிறுத்தினார். டீயில் ஒரு சிட்டிகை போடவிட மாட்டார். தேன் ஊற்றிக்கொள்வார்! பலா சீசனில் சுளையை எண்ணாமல் விழுங்குவார். "ஏனுங்கண்ணா, இது இனிப்பில்லையா?" என்று கத்துவேன். "டாக்டரு சர்க்கரைன்னுதானுங்க சொன்னாரு. இது நம்ம மலைத்தேனு. நம்ம மண்ணு நம்மளைக் கெடுக்குமா சாமி?" என்பார். இந்த நோய்க்குச் சர்க்கரை என்று பேர் வைத்தது எந்தப் புண்ணியவானோ, அந்தப் பேரே அவரை ஏமாற்றிவிட்டது. வாய் வலிக்கச் சொன்னேன், கேட்டால்தானே.

மழை விட்ட ஒரு மத்தியானம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். நான் முன்சீட்டில், பின்னால் சந்தைக்குப் போகும் பெண்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அண்ணன் பிரேக்கை மிதிக்கிறார், வண்டி நிற்கவில்லை. யா அல்லாஹ்! எதிரே ரோடு இல்லை, வெறும் வானம். மலைப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி பாறையில் உரசிக்கொண்டே போய் நின்றது. குனிந்து பார்த்தால், அவருடைய வலதுகால் செருப்பு பிரேக்குக்கு அடியில் செருகிக் கிடக்கிறது.

"எப்பண்ணா கழண்டுச்சு?"

"தெரியலீங்களே பாய்."

இறங்கி, வெறுங்காலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்த்தார். காலடியில் ஜல்லிக்கல் குத்திக் கிழித்திருந்தது, அதுவும் அவருக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அங்கேயே சாவியை மருமகனிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் வைத்தார். "என் காலு போனாப் போகுதுங்க. பின்னாடி இருக்கறதெல்லாம் உசுரு." அதற்கப்புறம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

அந்தக் கல் கிழித்த புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. "நீங்க பயந்துக்கிட்டே இருங்க பாய்" என்றார். கேலி என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

நேற்று அடக்கம் முடிந்து பஸ்ஸில் மலையிறங்கி வந்தேன். அந்த வளைவு வந்தபோது என்னையறியாமல் குனிந்தேன். என் இடதுகாலில் செருப்பு இல்லை. எப்போது கழன்றது? தெரியவில்லை. சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். "என்னத்தத் தொலைச்சீங்க பாய்?" என்றார் கண்டக்டர்.

அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்தப் பேர் ஒன்றுதான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாளைக்குக் கடை திறக்கமாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உங்களில் யாருக்காவது கால் மரத்துப் போகிறது என்றால் வெட்கப்படாமல் கூட வாருங்கள். மேலே இருந்து அவர் சிரித்தால் சிரிக்கட்டும். பயந்தாங்கொள்ளி கிளம்பிவிட்டேன், அண்ணா.