தாலி கட்டிய நேரம் 10.41

என் வேலை என்னவென்று அப்பாவுக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறேன். மூன்றாவது முறை கேட்டு முடித்ததும் அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம், "போட்டோவுக்குப் பக்கத்துல எழுத்து வைக்கிறா" என்றார். அது தப்பில்லை. சொல்லப்போனால் எங்கள் மேனேஜர் சொல்வதைவிடத் தெளிவாக இருந்தது.

விளாங்குடியில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். கல்யாண ஸ்டுடியோக்களுக்கு ஒரு மென்பொருள் செய்கிறோம். ஸ்டுடியோக்காரர் எடுத்த படங்களை ஏற்றினால் அது வரிசைப்படுத்தி வைக்கும், குடும்பத்துக்கு ஒரு லிங்க் அனுப்பும். லிங்க்கில் ஏதாவது ஒரு படத்தைத் தொட்டால் ஓரத்தில் விவரப் பகுதி திறக்கும். படம் எடுத்த தேதி, நேரம், கேமரா, படத்தின் அளவு, யார் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். எது மேலே, எது கீழே, எதைத் திருத்தலாம், எதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்வது என் பொறுப்பு.

நான் பட்டியல் போடுகிறவள். இருபத்து மூன்று விவரங்களை எழுதி, யாருக்கு எது தேவை என்று குறித்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். நேரத்தை அடிக்கலாம் என்று நினைக்கவே இல்லை. படங்கள் நேரப்படிதான் வரிசையாகின்றன, ஆகவே நேரம்தான் முக்கியம் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், நொடிவரை வைத்தேன். பார்க்க அழகாகவும் இருந்தது.

கீழவாசல் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாய்தான் முதலில் போன் செய்தார். எங்களிடம் சேர்ந்த முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர் அவர்.

"ஏம்மா, ஒங்க பெட்டி மணி காட்டுதாம்ல. யாரு காட்டச் சொன்னா?"

"எந்தப் படத்துல பாய்?"

"தாலி கட்டுற படத்துல. வேற எதுல காட்டுனாலும் நான் போன் பண்ணிருக்க மாட்டேனே."

அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு கல்யாணம். பெண் பேரையூர்ப் பக்கம், மாப்பிள்ளை வில்லாபுரம். பத்திரிகையில் முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல் பத்தரைக்குள் என்று போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். போன மாதம் மாப்பிள்ளை வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் அவருடைய அம்மா போனில் கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாலி கட்டும் படத்தில் விரல் பட்டுவிட்டது. என் விவரப் பகுதி திறந்தது. பெரிய எழுத்தில், 10.41 என்று.

பத்து விநாடியில் மாற்றிவிடலாம். திருத்தும் பெட்டியைச் செய்தவளே நான்தான். ஆனால் எந்த நேரமாக மாற்றுவது என்று கேட்டதும் பாய், "நீ நேர்ல வாம்மா" என்றார். மறுநாள் சாயங்காலம் போனேன்.

கடைக்குள் நுழைந்ததும் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. நாலு இருபது. என் போனில் நாலு ஏழு.

"பாய், இது வேகமா ஓடுதே."

"ஓடல. நான்தான் ஓட விட்டிருக்கேன். சரியான மணி வச்சா எவனும் சரியான மணிக்கு மண்டபத்துக்குக் கிளம்ப மாட்டான்."

"வேகமா இருக்குன்னு கடைல எல்லாருக்கும் தெரியும்தானே?"

"தெரியும். தெரிஞ்சும் பாத்ததும் ஒரு பதட்டம் வருதுல்ல, அந்தப் பதட்டம் போதும்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய கேமராவை எடுக்கச் சொல்லி, என் போனில் ஓடும் மணியையே ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அந்தப் படத்தை எங்கள் மென்பொருளில் ஏற்றினேன். போன் நாலு ஒன்பது காட்டியது. கேமரா நாலு இருபத்திரண்டு என்று பதிந்திருந்தது. பதின்மூன்று நிமிட வித்தியாசம். பேட்டரி தீர்ந்து கேமராவின் கடிகாரம் அழியும்போதெல்லாம் பாய் சுவரைப் பார்த்து மணி வைத்திருக்கிறார். இத்தனை வருடமாக, எத்தனையோ கல்யாணங்கள், கேமரா சொல்வதற்குப் பதின்மூன்று நிமிடம் முன்னால் நடந்திருக்கின்றன.

"அப்ப 10.41 இல்ல, 10.28" என்றேன். எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

"பாத்தியா, ரெண்டு நிமிஷம் மிச்சம்" என்றார் பாய்.

சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. அன்று மேடையில் இன்னொரு கேமராவும் இருந்தது. பாயின் ஆளொருவர் பக்கவாட்டிலிருந்து எடுத்த அதே தாலிப் படத்தைத் திறந்து பார்த்தேன். 10.33. அந்தக் கேமராவைக் கடையில் பார்த்து வைத்தார்களா, போனைப் பார்த்து வைத்தார்களா என்று கேட்டேன். பாய் நெற்றியைத் தேய்த்தார். அதை விற்று மூன்று மாதமாகிவிட்டதாம். போனைப் பார்த்து வைத்திருந்தால் 10.33தான் உண்மை, ராகு காலம் பிறந்து மூன்று நிமிடம். கடையில் பார்த்து வைத்திருந்தால் 10.20. அதுவும் பெரிய கேமராவோடு ஒத்துப்போகவில்லை. இதற்கு மேல், கேமராவின் கடிகாரம் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் நகரும். இன்று பதின்மூன்று என்றால் அன்றும் பதின்மூன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை. பதினொன்று என்று வைத்தால் சரியாகப் பத்தரை. பத்தரையில் முகூர்த்தம் முடிகிறதா, ராகு காலம் தொடங்குகிறதா என்று நான் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். எழுதியும் ஒன்றும் தெளியவில்லை.

அப்போது அந்தக் கல்யாணப் பெண் வந்தாள். பாய் வரச் சொல்லியிருக்கிறார். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நீங்கதான் மணி வச்ச அக்காவா?"

ஆமாம் என்றேன்.

"எங்க அத்த வர்ற வெள்ளிக்கெழம கோயில்ல வச்சு மறுபடி தாலி கட்டணும்ங்குறாங்க. எல்லாரும் அதுல என்ன இருக்கு, கட்டிட்டுப் போன்னு சொல்றாங்க. எங்க அம்மாவும்தான். மறுபடி கட்டுனா மொதல்ல கட்டுனது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்க்கா. அப்பறம் அந்த வீட்ல பால் பொங்கி வழிஞ்சாக்கூட எந்தலைலதான் விழும்."

"அவரு என்ன சொல்றாரு?"

"கைய கட்டுப்போட்டு உக்காந்திருக்காரு. கட்டுறதா இருந்தாலும் ஒத்தக் கையாலதான் கட்டணும்." சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

நான் செய்து வைத்திருந்த ஒன்றை அவளுக்குக் காட்டினேன். நேரத்தைத் திருத்தினால் புதிய நேரம் மேலே வரும். கேமரா சொன்ன பழைய நேரம் அழியாமல் கீழே சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில் நிற்கும். திருத்தியதற்குக் காரணம் எழுத ஒரு பெட்டியும் உண்டு. இதை வடிவமைத்த அன்று நான் பெருமைப்பட்டேன். எதையும் அழிக்காமல் திருத்தலாம் என்பது எனக்கு நேர்மையாகத் தோன்றியது.

அவள் திரையை அருகில் இழுத்துப் பார்த்தாள்.

"கீழ இன்னும் 10.41 இருக்கே."

"அது பழசு. சின்னதாதான் இருக்கு."

"எங்க அத்த பத்திரிகைலயே மொதல்ல கீழ இருக்குற சின்ன எழுத்தத்தான் படிப்பாங்க."

"காரணமும் எழுதலாம். 10.28ஆ இருக்கலாம்னு..."

"இருக்கலாமாக்கா?" என்றாள். "முந்நூறு பேரு இருந்தாங்க. ஒருத்தரும் மணி பாக்கல. அம்புட்டுப் பேரையும் விட்டுட்டு ஒங்க பெட்டி ஒண்ணு சொல்லிருச்சுன்னு நம்புறாங்க. அதே பெட்டி இப்ப இருக்கலாம்னா நம்புவாங்களா?"

பாய் டீ வாங்கிவரச் சொன்னார்.

அடுத்த மூன்று நாள் நான் பட்டியலாகப் போட்டுத் தள்ளினேன். அவளுக்குத் தோதான ஒரு நேரத்தைப் போடுவது. 10.28 போட்டுப் பழையதை அழிப்பது. இரண்டையும் வைத்திருப்பது. எதையும் தொடாமல் விடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் கூடாது என்று எழுதும்போது, நாலாவதற்கு மட்டும் எழுத எதுவும் இருக்காது என்று நினைத்திருந்தேன். அதற்குத்தான் நிறைய எழுதினேன். தொடாமல் விட்டால் 10.41 அப்படியே நிற்கும். அது தப்பு என்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். தெரிந்த ஒரே தப்பை நொடிவரை பெரிய எழுத்தில் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதற்குள் பாய் தன் வழியில் போய்விட்டார். புதன்கிழமை போன் செய்தார்.

"நான் கடை லெட்டர்பேட்ல எழுதிக் குடுத்துட்டேன்மா. கேமரா மணி வேகம், தாலி கட்டுனது 10.20ன்னு. சீல் அடிச்சு, கையெழுத்துப் போட்டு. அந்தம்மா வாங்கிப் படிச்சிட்டு, அப்படியான்னுருக்காங்க."

"10.20ன்னா பாய்? நாம பாத்தது 10.28ல்ல?"

"எட்டு நிமிஷம் பாதுகாப்புக்கு. ரெண்டு நிமிஷத்த வச்சு ஒரு குடும்பத்த நிறுத்த முடியுமா? நீயும் 10.20ன்னு மாத்திரு. நாளைக்கு அவுங்க திரும்ப லிங்க்க திறந்து பாப்பாங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

"யோசிக்கிறேன் பாய்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மணிதானம்மா."

போனை வைத்துவிட்டு அந்தப் படத்தைத் திறந்தேன். என் மென்பொருள் சொன்னதை அசைக்க முடியாமல் நான் திணறுகிறேன். ஒரு தாளும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் ஒரே நாளில் அசைத்துவிட்டன. அந்தத் தாளில் இருக்கும் மணியோ நாங்கள் உறுதி செய்தது இல்லை. அதே மணியை நானும் போட்டால் பொய். போடாவிட்டால் அந்தப் பெண் வெள்ளிக்கிழமை கோயிலில் நிற்க வேண்டும்.

கடைசியில் குடும்பத்துக்குப் போகும் லிங்க்கில் மட்டும் நேரத்தை எடுத்துவிட்டேன். கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டதாக ஸ்டுடியோ குறிக்காத படங்கள் எல்லாவற்றுக்கும் இனி நாளும் பொழுதும் மட்டும் வரும். வெள்ளிக்கிழமை, காலை. எந்தக் கடிகாரத்தைக் கேட்டாலும் அது சரி. ஸ்டுடியோ பார்க்கும் பக்கத்தில் 10.41, 10.33 இரண்டும் அப்படியே இருக்கின்றன. பாய் தொடவே தொடாத காரணப் பெட்டியில் நானே "கடைக் கடிகாரம் வேகம்" என்று எழுதி வைத்தேன். ஏன் எடுத்தாய் என்று மேனேஜர் கேட்டார். தெரியாததைக் காட்டக் கூடாது என்றேன். நல்ல பதில் என்றார். அது முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அந்தப் பெண் போன் செய்தாள். கோயிலுக்குப் போகவில்லை.

"அத்த கண்ணாடியப் போட்டுப் பாத்தாங்கக்கா. என்னடி, இப்ப மணியவே காணோம்னாங்க. பாய் தாள்லதான் இருக்கே அத்தன்னேன். ஆமால்லன்னு அத எடுத்து பீரோவுல வச்சுட்டாங்க."

அப்படியானால் வீட்டில் நிற்பது 10.20தான். நான் எழுதவில்லை, ஆனால் அதற்கு இடம் விட்டுக்கொடுத்தது நான். சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் குரல் லேசாக இருந்தது. சொல்லவில்லை.

"க்கா, நெசமா எத்தன மணிக்கா அது?"

"தெரியல. நீ பாக்கலயா? நீதான் அங்க இருந்த."

"நான் எங்க பாத்தேன்? தலயக் குனிஞ்சுல்ல உக்காந்திருந்தேன்" என்றாள்.