செல்வியின் கரண்டி

தாராவியில் மழை விடவே இல்லை. தோல்பை வாங்க வந்த நான் இன்னும் மூன்று பேரோடு ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கி நிற்கிறேன். உள்ளே செல்வி என்கிற பெண்ணின் மடியில் ஒன்றரை வயது மகள் துவண்டு கிடக்கிறாள். நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. மதியத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஓஆர்எஸ் பொட்டலத்தை முழுசாகக் கரைத்துக் கரண்டியால் ஊட்டுகிறாள் செல்வி. குழந்தை கக்குகிறது.

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்க்கிறார். “தண்ணி குடுக்காதட்டி. குடுக்கக் குடுக்கப் போவும்லா.”

“போறது போவட்டும்க்கா. போனதத் திரும்ப ஊத்தாட்டிதான் பிள்ள வத்திப் போவும்.”

பத்து நிமிடம் பொறுத்து, முன்னைவிட மெதுவாக மறுபடி ஊட்டத் தொடங்குகிறாள்.

“டம்ளர்ல குடுக்கலாமே?” என்கிறேன்.

“மடமடன்னு குடிச்சா கக்கிருதா, அண்ணாச்சி. கை வலிச்சாலும் கரண்டில ஊட்டுனாத்தான் வயித்துல நிக்கி.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊட்டுகிறாள். பதினொன்றரைக்குக் குழந்தை வீறிட்டு அழுகிறது. கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. செல்வி சட்டென்று தன் மடியைத் தொட்டுப் பார்க்கிறாள். சேலை நனைந்திருக்கிறது.

“அக்கா, மோண்டுட்டா,” என்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

வாசலில் ஒதுங்கியிருக்கும் முன்பின் தெரியாத நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து சிரிக்கிறோம். எதிர்வீட்டு அக்கா மழையில் நனைந்தபடியே ஓடி வந்து செல்வியின் பக்கத்தில் உட்காருகிறார்.

“நீ போய்ச் சேலைய மாத்து,” என்று கை நீட்டுகிறார். “கரண்டிய எங்கிட்ட குடு.”