பதினொரு தழும்புள்ள தோட்டா

மிஷின் அக்காவைத் துப்பாக்கி கிளப்பில் வேலைக்குக் கூப்பிட்டபோது அவளுடைய மாமியார் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் வாயைத் திறந்தார்.

"ஆம்பள பஸ் ஓட்டறான். நீ துப்பாக்கி தூக்கப் போறியா?"

"தூக்கல அத்தை, துடைக்கப் போறேன்," என்றாள் மருமகள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்கு முன் பத்து வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்தவள். பட்டப்பெயர் அங்கே ஒட்டியது, கிளப்புக்கும் கூடவே வந்தது. துப்பாக்கியைப் பார்த்து அவள் மிரளவில்லை. இங்கேயும் ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங். என்ன, இந்த ஊசி துணியைக் குத்தாமல் தோட்டாவின் அடிவிளிம்பில் அடிக்கிறது, அவ்வளவுதான்.

கிளப்பில் இருந்தவை எல்லாம் ஒற்றைத் தோட்டா ரைபிள்கள். ஒரு தோட்டாவைப் போட்டு, போல்ட் என்கிற இரும்புத் தாழைத் தள்ளி மூடி, சுட்டு, திறந்து, காலிக் கூட்டை எடுத்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட முடியும். இருபத்திரண்டு வருடத்தில் அவற்றின் சீக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. காலிக் கூடு வெளியே வர அடம்பிடித்தால் அதை இழுக்கும் கொக்கி தேய்ந்திருக்கும். வெடிக்கவில்லை என்று யாராவது வந்தால், அவள் முதலில் கை நீட்டுவது ரைபிளுக்கு அல்ல, வெடிக்காத தோட்டாவுக்கு. விளிம்பில் ஊசி அடித்த தழும்பு மேலோட்டமாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அல்லது உறுப்பினர் யாரோ பாசம் பொங்கி எண்ணெயைக் கொட்டி, அது பிசினாகி ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தழும்பே இல்லை என்றால் ஊசி முறிந்திருக்கலாம். தழும்பு ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லையா? தோட்டாதான் சொத்தை. இதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிடம் போதும்.

அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது தலைவருடைய ரைபிள் ஒன்றுதான்.

தலைவர் பதினைந்து வருடமாகத் தலைவர். கூடத்துச் சுவரில் அவர் பெயருக்கு நேரே 'சராசரி: தொண்ணூறு' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. பெயின்ட் என்பதால் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பத்துச் சுட்டால் அதிகபட்சம் நூறு புள்ளி. நடுவில் ரைபிள் மக்கர் செய்தால் அதுவரை சுட்டது முழுவதும் கணக்கில் வராது, இன்னொரு நாள் முதலிலிருந்து சுடலாம் என்று கிளப்பில் ஒரு விதி இருந்தது. விதியை எழுதியவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. தலைவருடைய ரைபிளுக்கும் நல்ல மனசு. அவர் நன்றாகச் சுடும் நாளில் அது ஒருபோதும் தொந்தரவு கொடுத்ததில்லை.

வெடிக்காத தோட்டாவை மட்டும் அவர் யாரிடமும் காட்டமாட்டார். "ஆபத்தும்மா, யாரும் தொடக் கூடாது," என்று அந்த ஆபத்தைத் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொள்வார்.

ரைபிள் இப்படி மக்கர் செய்யத் தொடங்கிய மூன்றாம் வருடம், வெளியூர் கிளப் ஆட்கள் வந்திருந்த அன்று பதினோராவது தடவையாக ரைபிள் கைகொடுக்கவில்லை. தலைவர் எல்லார் முன்னாலும் அக்காவைக் கூப்பிட்டார்.

"என்னம்மா வேலை பாக்கறே நீ? தையல் மிஷினுன்னு நெனச்சுட்டியா?"

மறுநாளே கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு மாதத்தில் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அக்காவின் வீட்டுக்காரர் கண் மங்கிப்போய் ஸ்டீயரிங்கை விட்டு ஒரு வருடமாகிறது. அந்த வீடு ஓடுவது இவள் வேலையில்தான். ஐம்பதை நெருங்குகிற பெண்ணை, அதுவும் கோளாறு கண்டுபிடிக்கத் தெரியாதவள் என்று துரத்தப்பட்டவளை, யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

ரைபிளைக் கழற்றினாள். போல்ட்டைப் பிரித்து ஒவ்வொரு துண்டாகக் கழுவினாள். ஸ்பிரிங் புதிது, ஊசி புதிது. தோட்டா உட்காரும் குழியில் அழுக்கு இருந்தால் அது முழுசாக உள்ளே போகாது, அடி பட்டாலும் பலம் இருக்காது. குழியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். முன்னூறு தோட்டா சுட்டுப் பார்த்தாள். முன்னூறும் வெடித்தன. ஒன்றாவது வெடிக்காமல் போகாதா என்று அவள் ஏங்கியது அந்த ஒரு மாதத்தில்தான்.

"முன்னூறும் வெடிச்சிருக்கே, அப்புறம் என்ன?" என்றார் வீட்டுக்காரர்.

"முன்னூத்தி ஒண்ணாவது அவர் கையில வெடிக்கலன்னா?"

"அப்ப கோளாறு கையிலதான்."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. நானே நொந்து போயிருக்கேன்."

தன் கைமேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிட்டது. அடுப்பை அணைத்தோமா என்று வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்க்கத் தொடங்கினாள்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது தலைவர், சுடும்போது தான் மாட்டிக்கொள்ளும் கோட்டை அவள் மேஜையில் போட்டார். தோள்பட்டையில் தைத்திருந்த தோல் பிய்ந்திருந்தது. வேலையை விட்டு அனுப்பப் போகிறவளிடம் கோட்டைத் தைக்கக் கொடுக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அவருக்கு அது துணிச்சல் என்றே தெரியாது. அவர் வீட்டுத் திரைச்சீலை முதல் பேத்தியின் ஸ்கூல் பை வரை சும்மா தைத்துக் கொடுத்தவள்தானே.

தைக்கும் முன் பாக்கெட்டைக் காலி செய்தாள். ஒரு கைக்குட்டை, ஒரு சீப்பு, ஒரு தோட்டா.

தோட்டாவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். விளிம்பைச் சுற்றிலும் தழும்புகள். எண்ணினாள். பதினொன்று. ரிஜிஸ்டரை எடுத்துத் தலைவர் பெயருக்கு எதிரே 'வெடிக்கவில்லை' என்று எழுதியதை எண்ணினாள். அதுவும் பதினொன்று.

சொன்னால் சிரிப்பீர்கள், அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பதினொரு அடியும் ஒரே ஆழம், ஒரே சீர்! மூன்று வருடமாக அவள் ரைபிள் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. என்றோ ஒரு நாள் நிஜமாகவே சொத்தையாக வந்து மாட்டிய தோட்டா. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, குறி தப்புகிற நாளிலெல்லாம் உள்ளே நுழைத்து, ஆறேழு மோசமான சூட்டை அழித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறார். பழி இவள் தலையில்.

ஒரு கணம் அவள் கை நல்ல தோட்டா டப்பாவுக்குப் போனது. பாக்கெட்டில் மாற்றி வைத்துவிட்டால்? மனிதர் அசட்டையாக விசையை அழுத்துவார், படாரென்று வெடிக்கும். நினைக்க இனித்தது. ஆனால் எதிர்பாராமல் துப்பாக்கி வெடிக்கக் கூடாது என்பதற்காகத்தானே இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கினாள். டப்பாவை மூடினாள்.

கமிட்டி கூடியதும் தோட்டாவையும் ரிஜிஸ்டரையும் மேஜையில் வைத்தாள். பூதக்கண்ணாடி கைமாறிப் போனது. எல்லாருக்கும் விளங்கிவிட்டது, அதனால் கண்ணாடியை மட்டும் இன்னொரு சுற்று விட்டார்கள். தலைவர்தான் தொண்டையைச் செருமினார்.

"ஒரு தோட்டாவ வீணாக்க மனசு வரல. திரும்பத் திரும்ப வாய்ப்பு குடுத்துப் பாத்தேன்."

செயலாளர் பேனாவை எடுத்துவிட்டார். கோளாறு தோட்டாவினுடையது, மூன்று வருடம் பொறுமையாக அதைச் சோதித்த தலைவருக்கு நன்றி, அக்கா வேலையில் தொடரலாம். எழுதி முடித்து அவள் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து போடும்மா. உனக்கும் நல்லதாப் போச்சுல்ல?"

நல்லதாகத்தான் போயிற்று. வீட்டுக்காரர் முகம் கண்முன் வந்தது. பேனாவைக் கையில் வாங்கினாள், ஆனால் எழுதவில்லை.

"ஒரு சோதனை பாக்கி இருக்கு சார். புகார் குடுத்தவங்க அவங்க கையாலயே பத்து சுட்டுப் பாத்தாதான் நான் கையெழுத்து போடறது. எல்லா ரைபிளுக்கும் அப்படித்தான். பழைய ரிப்போர்ட்டப் பாருங்க."

பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. தலைவர் மறுக்க வழியில்லாமல் ரைபிளோடு சுடும் பாயில் போய்க் குப்புறப் படுத்தார். அக்கா தோட்டாவை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். பத்தும் வெடித்தன. சுட்ட குறி அட்டை வந்தது. அறுபத்தொன்று.

"பாத்தீங்களா!" என்று தலைவர் துள்ளி எழுந்தார். "ரைபிள் கோணலா சுடுது!"

செயலாளர் பாவம், அதையும் எழுதத் தொடங்கினார். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தலைவர் படுத்த அதே பாயில் படுத்தாள். தினமும் காலையில் உறுப்பினர்கள் வருமுன் அவள் சுட்டுப் பார்ப்பது வழக்கம். அதைப் பார்த்தவர் யாருமில்லை. அதே ரைபிள், அதே டப்பா. பத்து. அட்டையை அவிழ்த்து வந்தபோது கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குக் கிழிந்திருந்தது, மற்ற இடத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை.

யாரும் கைதட்டவில்லை. கமிட்டி முழுவதும் மேற்கூரையைப் பார்த்தது. செயலாளர் எழுதிய கடைசி வரியைத் தானே அடித்தார். அக்கா இரண்டு அட்டைகளையும் ரிப்போர்ட்டோடு சேர்த்துக் குத்தினாள், பெயர் எழுதினாள், தேதி போட்டாள். பிறகு கோட்டையும் எடுத்துக் கொடுத்தாள். தோள்பட்டை பிய்ந்தபடியே இருந்தது.

அந்த வருடப் போட்டியில் தலைவர் கலந்துகொள்ளவில்லை. வலது தோளில் வலி என்றார். டாக்டர் இரண்டு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாராம், கோளாறு ஒன்றுமே தெரியவில்லையாம், மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறாராம். கேட்டதும் மிஷின் அக்காவுக்கு அந்த டாக்டரை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.