கொம்பு நட்ட இடம்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் கஸ்தூரியின் எதிரில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். நடந்தது 1996, ஐப்பசி மழையில் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏரி நிரம்பிய வருஷம். அதுவும் பட்டப்பகலில்.

கஸ்தூரியின் தங்கை வேதாவுக்கு ஏழு மாசம். சோற்றைக் கண்டாலே குமட்டல், ஆள் துரும்பாக இளைத்துவிட்டாள். இப்படியே போனால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் திட்டி அனுப்பியிருந்தார். அவள் வாய் திறந்து கேட்டது விரால் குழம்பு மட்டும்தான். கடைகளில் ஐஸில் கிடந்த கடல் மீன்தான் இருந்தது. கஸ்தூரி தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிட்டாள்.

கரையெல்லாம் சுற்றியும் கெண்டைக் குஞ்சுதான் மாட்டியது. உச்சி வெயிலில், பழைய மதகுக்கு அந்தப் பக்கம், அல்லிக்கொடி அடர்ந்த ஒரு மூலையைக் கண்டுபிடித்தாள். விரால்கள் மேலே வந்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஆனால் கரையில் ஒரு புங்கங்கொம்பு நட்டிருந்தது, நுனியில் ஒரு துணிக் கிழிசல். அந்த ஏரியில் அது ஒரு வழக்கம். நல்ல இடம் கண்டவர் கொம்பு நடுவார். அவரே பிடுங்கும்வரை அடுத்தவர் அங்கே தூண்டில் போடக் கூடாது.

கொம்பு காய்ந்து வெளுத்திருந்தது. யாரோ நட்டுவிட்டு மறந்துபோயிருக்கிறார்கள் என்று பிடுங்கி எறிந்தாள்.

தூண்டில் போட்டதும் அதன் நரம்பு விறைத்து இழுத்தது. முழங்கை நீள விரால்.

சளக்... சளக்...

யாரோ தண்ணீரில் நடக்கிற சத்தம். திரும்பினாள். யாருமில்லை. பிடுங்கிய கொம்பு பழைய இடத்திலேயே நின்றது... ஈரமாக.

மறுபடியும் பிடுங்கி எறிந்தாள்.

சளக்... இந்த முறை பக்கத்தில்.

காதில் குளிர்ந்த மூச்சு பட்டது.

மெல்லத் திரும்பினாள்.

இரண்டு கொம்புகள்.

இரண்டாவது, பச்சைக் கொம்பு. அதன் நுனியில் அவள் கட்டியிருந்த சேலையின் முந்தானைக் கிழிசல்.

பயம் இருந்தது. கோபம் அதைவிட ஜாஸ்தி.

“நீ யாரா இருந்தாலும் சரி. என் தங்கச்சி ஏழு மாசம், பட்டினியா கெடக்கறா. மீனை எடுத்துக்கினுதான் போவேன். என்னா பண்ணுவியோ பண்ணிக்கோ.”

பச்சைக் கொம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தாள். ஓடவில்லை, நடந்தே வீடு வந்தாள். வேதா அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

சாயங்காலம் மதகு திறக்கிற கோதண்டராமன் விஷயம் கேட்டு முகம் வெளுத்துப்போனார்.

“அது ஆராயி நட்ட கொம்புமா. விரால் மேல ஆசையா வந்தவ, வழுக்கி உள்ள போயிட்டா. அவளுக்கும் ஏழு மாசம்.”

அந்தக் கொம்பை அவள் புருஷன் அன்றைக்கே பிடுங்கி, அவள் சிதையிலேயே போட்டு எரித்துவிட்டானாம்.

அந்தப் பக்கம் தலைவைக்காதே என்று கெஞ்சினார். கஸ்தூரி மறுநாளே போனாள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே, தங்கையை யார் பார்ப்பது?

முதலில் மாட்டிய விராலைக் கொக்கியிலிருந்து கழற்றி ஏரிக்குள் வீசினாள்.

“இது உனக்கு. அடுத்தது என் தங்கச்சிக்கு. எடம் ரெண்டு பேருக்கும் பொது.”

நல்ல கனமான மீன். காது கொடுத்துக் கேட்டாள்...

அது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.